34 பேர் உள்ள பனியன் யூனிட்: நியமனக் கடிதத்தில் 'சேர்ந்த தேதி' என்ன போடுவது?

பனியன்நகரம்
1 டிசம்பர் 2025, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் 17 வருடமாக ஜாப்ஒர்க் யூனிட் நடத்துகிறேன். தையல், கட்டிங், செக்கிங், கைமடி (தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவி வேலை), அயர்ன், பேக்கிங், ஆபீஸ் கணக்கு எல்லாம் சேர்த்து 34 பேர். அதில் 11 பேர் ஒடிசா, பீகாரைச் சேர்ந்தவர்கள். அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட ஆகஸ்டுக்குப் பிறகு ஆர்டர் குறைந்து, இப்போதுதான் மெல்லத் தலை தூக்குகிறேன்.

நவம்பர் 21 அன்று, பழைய சட்டங்களுக்குப் பதிலாக மத்திய அரசு கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன என்று செய்தி வந்தது. மூன்றாம் நாளே எனக்கு வேலை கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் ஆள் வந்து நின்றார். "எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். நான் யாருக்கும் கடிதம் கொடுத்ததே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் நோட்டில் கையெழுத்து, கவரில் பணம், அவ்வளவுதான் எங்கள் நிர்வாகம்.

மூன்று சந்தேகங்கள். சட்டம் வந்த தேதியையே, அதாவது 21.11.2025-ஐ, எல்லாருக்கும் சேர்ந்த தேதியாகப் போட்டுவிடலாமா? நண்பர் ஒருவர் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார். இரண்டாவது, 8 மணி நேர ஷிப்டுக்கு மேல் இன்னும் 4 மணி நேரம் வேலை வாங்கும் ஒன்றரை ஷிப்ட் முறை தொடரலாமா? மூன்றாவது, அடிப்படைச் சம்பளம் 50 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறார்களே, அது எனக்குப் பொருந்துமா?

வெற்றிப்பாதை
1 டிசம்பர், இரவு 10.15

அண்ணா, கவலையே வேண்டாம். புதிய சட்டப்படி 12 மணி நேரம் வேலை வாங்கலாம். எங்கள் குழுவில் பட்டியலே வந்திருக்கிறது. ஆனால் ஒரு வருடம் வேலை செய்த எல்லாருக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கொடுக்க வேண்டுமாம். அதனால் 11 மாதத்தில் ஆளை மாற்றிவிடுங்கள்.

பேரேடு_கோவை
2 டிசம்பர், காலை 7.05

பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குப் பார்ப்பது என் தொழில். முதலில் வெற்றிப்பாதைக்கு: அந்தப் பட்டியலை அழித்துவிடுங்கள் தம்பி. நான்கில் ஒன்றான பணிப் பாதுகாப்புத் தொகுப்பு நாளுக்கு 8 மணி நேரம் என்றுதான் சொல்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். தொழிலாளியின் சம்மதமும் வேண்டும். ஒரு வருடத்தில் பணிக்கொடை என்பது குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் எழுதிச் சேர்க்கப்படுபவர்களுக்கு. மற்றவர்களுக்குப் பழையபடி ஐந்து வருடம்தான். 11 மாதத்தில் ஆளை மாற்றச் சொல்கிறீர்களே, ஓவர்லாக்கில் கை பழகிய ஒருவரை அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். டேமேஜில் போகிற துணியின் விலை பணிக்கொடையைத் தாண்டிவிடும்.

பனியன்நகரம் ஐயா, உங்கள் மூன்றாவது கேள்வி எளிது, அதை முடித்துவிடுகிறேன். அடிப்படைச் சம்பளத்தை 50 சதவீதமாக ஆக்கு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்று ஊதியக் கணக்கில் சேராதவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் ஊதியமாகக் கருது என்கிறது. ஆபீசில் ஒருவருக்கு மொத்தம் 24,000 என்று வையுங்கள். அடிப்படை 9,000, வாடகைப்படி 11,000, போக்குவரத்து 4,000. சேராதவை 15,000. பாதி என்பது 12,000. தாண்டிய 3,000 ஊதியத்தில் சேர்ந்து, கணக்குக்கான ஊதியம் 12,000 ஆகிறது. 12 சதவீத பி.எஃப். 1,080-இலிருந்து 1,440 ஆகும். உங்கள் பங்கிலும் 360 கூடும், அவர் கையில் வாங்குவதிலும் 360 குறையும். அதை அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பிடித்துக்கொண்டதாக நினைப்பார். பி.எஃப். கணக்குக்கான 15,000 ஊதிய உச்சவரம்பில் ஏற்கெனவே 1,800 கட்டுபவர்களுக்கு மாற்றம் இல்லை.

தையல், கட்டிங் மேசையில் இருப்பவர்களுக்கு நீங்கள் கொடுப்பது நாள் சம்பளமும் பஞ்சப்படியும்தானே? இரண்டுமே முழுக்க ஊதியம். அங்கே இந்த 50 சதவீதக் கதையே இல்லை.

கடிதத்துக்கு வருகிறேன். இதுவரை கடிதம் இல்லாதவர்களுக்குச் சட்டம் தொடங்கியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பிப்ரவரி 20 வரை நேரம் இருக்கிறது. ஆனால் சேர்ந்த தேதியில் கை வைக்காதீர்கள். பி.எஃப். பதிவில் 2016 முதல் இருக்கும் ஒருவர் 2025-இல் சேர்ந்ததாகக் கடிதம் கொடுத்தால், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிர்சாட்சி சொல்லும்.

ஓவர்லாக்அக்கா
2 டிசம்பர், மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். முதலாளிகள் பேசும் இடத்தில் நான் நுழைவது சரியா என்று தெரியவில்லை. ஆனால் அந்த 'சேர்ந்த தேதி' என் வயிற்றில் அடித்த விஷயம்.

2009-இல் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். 2018-இல் வாசலில் பெயர்ப்பலகை மாறியது. அதே கட்டடம், அதே முதலாளி, அதே மெஷின், என் மெஷினில் ஒட்டியிருந்த முருகன் படம்கூட அதேதான். எல்லாருக்கும் புதிய அட்டை கொடுத்தார்கள். போட்டோ நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, தேதியைப் பார்க்கவில்லை. 2023-இல் நின்றபோது ஐந்து வருடக் கணக்கு மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். முன்னால் இருந்த ஒன்பது வருடம் எங்கே என்று கேட்டேன். அட்டையைக் காட்டினார்கள்.

பனியன்நகரம் அண்ணா, நீங்கள் கேட்கிறீர்கள் என்பதே பெரிய விஷயம். எங்களிடம் கேட்டவர் இல்லை.

பேரேடு_கோவை
2 டிசம்பர், மாலை 6.30

அக்கா, பெயர்ப்பலகை மாறியதால் மட்டும் பணித்தொடர்ச்சி அறுந்துவிடாது. பழைய பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, வங்கிப் புத்தகம், போனஸ் கவர், எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். பணிக்கொடைச் சட்டத்துக்கென்று தொழிலாளர் துறையில் ஓர் அதிகாரி உண்டு. மனு அவரிடம்தான் போக வேண்டும். தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேட்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

பனியன்நகரம்
2 டிசம்பர், இரவு 10.50

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு மணி நேரம் இந்தப் பக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் 21.11.2025 போடலாமா என்று கேட்டது குழப்பத்தால் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கேட்டேன்.

என்னிடம் 12 வருடம் ஆனவர்கள் 7 பேர். நாள் சம்பளம் சராசரி 600. வருடத்துக்கு 15 நாள் என்றால் 9,000. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருவருக்கு 1,08,000. ஏழு பேருக்கு 7,56,000. ஏழரை லட்சம். பெயரே சரியில்லை. என் பவர்டேபிள் தையல் மெஷின்களை எல்லாம் விற்றாலும் அவ்வளவு வராது. டெல்லியில் உட்கார்ந்துகொண்டு சட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு பனியனுக்குத் தையல் கூலி எத்தனை ரூபாய் என்று தெரியுமா?

டைம்ஆபீஸ்_ஓய்வு
3 டிசம்பர், காலை 5.45

கோவையில் ஒரு பஞ்சாலையில் டைம் ஆபீசில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி, டெல்லியை இப்போது திட்டுவதில் பயனில்லை. பணிக்கொடைச் சட்டம் வந்தது 1972-இல். நீங்கள் சொல்லும் ஏழரை லட்சத்தில் ஒரு ரூபாய்கூடப் போன மாதம் முளைத்ததில்லை. வருடா வருடம் ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நோட்டில் எழுதாததால் கண்ணில் படவில்லை.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. புதிய ஆள் சேர்ந்த அன்று பெரிய பேரேட்டில் சிவப்பு மையில் தேதி போட்டு, அவர் பெருவிரல் ரேகையை அதன் மேலேயே பதிய வைப்போம். தேதியைத் திருத்தினால் ரேகை கெடும். நான் சேர்ந்த புதிதில் அது எதற்கென்று புரியவில்லை. ஆலை மூடியபோது புரிந்தது. ஆயிரம் பேருக்கு மேல் கணக்குத் தீர்த்தோம். தேதித் தகராறு ஒன்றுகூட வரவில்லை.

பேரேடு_கோவை
3 டிசம்பர், காலை 8.10

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த ஏழரை லட்சத்தை நாளைக் காலை யாரும் கேட்கப் போவதில்லை. ராஜினாமா, ஓய்வு, இறப்பு, இயலாமை என்று அவரவர் பணி முடியும்போதுதான் அது தர வேண்டிய பணம் ஆகிறது. ஏழு பேரும் ஒரே நாளில் போனால் உங்களுக்குப் பணிக்கொடையை விடப் பெரிய சிக்கல் இருக்கிறது என்று பொருள். இனிமேலாவது ஆளுக்கு மாதம் 750 தனியாக எடுத்து வையுங்கள், அல்லது எல்.ஐ.சி.யின் குழுப் பணிக்கொடைத் திட்டத்தில் சேருங்கள். பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்கு, பணி முடியும் முன் கடைசி மூன்று மாதம் வாங்கியதன் சராசரியை எடுக்க வேண்டும். ஓவர்டைம் அதில் சேராது.

கணக்குத் தீர்ப்பதில் இன்னொரு மாற்றமும் உண்டு. ஆள் புதன்கிழமை நின்றால் "சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்" என்று சொல்வீர்கள் அல்லவா? இனி ராஜினாமா செய்தாலும் நீங்களே நிறுத்தினாலும் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பணிக்கொடைக்கு மட்டும் 30 நாள். இரண்டையும் போட்டுக் குழப்பி எழுதும் செய்திகள் நிறையச் சுற்றுகின்றன.

பஞ்சப்படி84
3 டிசம்பர், பிற்பகல் 3.00

தொழிற்சங்கத்தில் இருப்பவன். நவம்பர் 26 ஆர்ப்பாட்டத்தில் கொடி பிடித்து நின்றவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாளிகளுக்கு இந்தத் தொகுப்புகளால் தொல்லை என்று எழுதுகிறீர்கள். கொடுத்ததையும் எழுதுங்கள். 29 சட்டங்களை நான்காக மடித்தபோது மடிப்புக்குள் போனது எவ்வளவு? ஆலையை மூட, ஆட்குறைப்புச் செய்ய அரசின் முன்அனுமதி 100 பேர் இருந்தால் வேண்டும் என்பது 300 ஆகிவிட்டது. மின்சாரத்தோடு இயங்கும் பட்டறை 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது இப்போது 20. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு. பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம். ஆய்வாளர் என்ற பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை, அவர் இனி 'வசதி செய்து தருபவரும்' ஆவார். யாருக்கு வசதி?

இந்த ஊரில் பஞ்சப்படி என்ற சொல் சும்மா வரவில்லை. 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியது. ஒன்றரை ஷிப்ட் பற்றி மேலே யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன். 2023 ஏப்ரலில் சென்னையில் 12 மணி நேர மசோதா நிறைவேறியதும் நாங்கள் எதிர்த்தோம், மே தினத்தில் திரும்பப் பெற்றார்கள். ஆனால் திருப்பூரில் மசோதா இல்லாமலேயே 12 மணி நேரம் நடந்துகொண்டுதான் இருந்தது.

நெறியாளர்
3 டிசம்பர், மாலை 4.20

நல்ல விவாதம். கட்சிப் பெயர்களோடு வந்த மூன்று பதில்களை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

பேரேடு_கோவை
3 டிசம்பர், இரவு 9.00

தோழர் குத்திக்காட்டியது நியாயம். தள்ளிப்போட்டேன், ஏனென்றால் பதில் யாருக்கும் பிடிக்காது.

வெளியூர்க்காரர்களுக்காக: திருப்பூரில் 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். அதன் பிறகு 4 மணி நேரம் இருந்தால் அரை ஷிப்ட். 600 ரூபாய்க்காரர் காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரை, ஒன்பது வரை இருந்தால் 900 வாங்குவார். அதுதான் ஒன்றரை. சட்டப்படி அந்த 4 மணி நேரத்துக்கு மணிக்கு 75 இல்லை, 150. ஆக, அவருக்கு 1,200 வர வேண்டும். இதுவும் புதிது இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் இருந்தது. புதிதாக வந்திருப்பது சம்மதம் என்ற சொல். இரவு 7 மணிக்கு மேல் பெண்களை வைத்து வேலை வாங்கவும் அவர்கள் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும்.

குறைத்துக் கொடுத்தால் ஊதியத் தொகுப்பின்படி 50,000 வரை அபராதம். ஐந்து வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் மூன்று மாதச் சிறை வரை போகலாம். தொழிலாளி மூன்று வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். இதில் உங்களுக்குத் தப்பும் வழி எதுவும் என்னிடம் இல்லை ஐயா. எட்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள், அல்லது இரட்டைச் சம்பளத்தைத் தையல் கூலியில் ஏற்றிக் கம்பெனியிடம் கேளுங்கள்.

ஈரோடு_ஜவுளி
4 டிசம்பர், காலை 11.30

இடையில் ஒரு சின்னக் கேள்வி. என்னுடையது துணிக்கடை, 14 பேர். புதிய தொகுப்புகள் வந்ததால் பழைய கடைகள் சட்டம் போய்விட்டதா? சேல்ஸ் பெண்கள் உட்கார நாற்காலி போட்டது வீணா?

பேரேடு_கோவை
4 டிசம்பர், மதியம் 12.10

போகவில்லை. 1947-ஆம் ஆண்டின் கடைகள் சட்டம் மாநிலத்தினுடையது. டெல்லி நீக்கிய 29-இல் அது இல்லை. 2021-இல் அதில் சேர்த்த உட்காரும் உரிமையும் அப்படியே இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, அதோடு ஐந்து பண்டிகை நாள், ஆக 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை என்பதும் மாநிலச் சட்டமே. பெரிய ஆலைக்காரர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால், 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்ற 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் யாரும் நீக்கவில்லை. நாற்காலியை எடுக்காதீர்கள். நீங்களும் ஒன்றில் உட்காருங்கள்.

ஓவர்லாக்அக்கா
4 டிசம்பர், மதியம் 1.25

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பெண்கள் புகார் சொல்ல உள்ளகக் குழு வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பனியன்நகரம் அண்ணா, உங்கள் யூனிட்டில் இருக்கிறதா? எங்கள் கம்பெனியில் போர்டு இருக்கிறது. அதில் தலைவி என்று எழுதியிருக்கும் மேடம் வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது.

பனியன்நகரம்
4 டிசம்பர், இரவு 11.15

இல்லை அக்கா. போர்டுகூட இல்லை. செக்கிங் சூப்பர்வைசர் அம்மாவைத் தலைவியாகப் போட்டு, வெளியிலிருந்து ஒருவரைத் தேடுகிறேன்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். பெயர், வேலை, சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் எல்லாம் கணக்குப் பெண் டைப் செய்துவிட்டாள். தேதிக் கட்டம் மட்டும் காலி. 2016-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பி.எஃப். பதிவு இருக்கிறது. அதற்கு முன்னால் சேர்ந்த அந்த ஏழு பேருக்கு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டும் இல்லை. கைமடியில் இருக்கும் அம்மாவிடம் "எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டேன். "உங்கள் பெரிய பையன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்" என்றார்.

டைம்ஆபீஸ்_ஓய்வு
5 டிசம்பர், காலை 5.50

பழைய சம்பள நோட்டுகளை என்ன செய்தீர்கள்? யாரும் உடனே எறிவதில்லை. பரணில் தேடுங்கள். சம்பள நோட்டு இல்லாவிட்டால் தீபாவளி போனஸ் நோட்டு இருக்கும். அதை யாரும் தொலைக்க மாட்டார்கள், அடுத்த வருடம் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமே.

பனியன்நகரம்
6 டிசம்பர், சனிக்கிழமை, இரவு 10.30

சம்பளம் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பெரியவர் சொன்னபடி பரணில் ஏறினேன். கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குப் பின்னால் ஏழு நீள நோட்டுகள். மேல் அட்டையை எலி தின்றிருந்தது. மூன்றாவது நோட்டில் 15.6.2013, சனிக்கிழமைப் பக்கம். கடைசி வரியில் என் கையெழுத்திலேயே கைமடி அம்மாவின் பெயர், 'புதுசு' என்று அடைப்புக்குள். ஆறு நாள் சம்பளம். பக்கத்தில் அவர் கையெழுத்து, எழுத்துக் கூட்டிப் போட்டது, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே நிற்கிறது. அந்த வாரம் திங்கட்கிழமை சேர்ந்திருக்க வேண்டும். கடிதத்தில் 10.6.2013 என்று போட்டேன். ஏழு பேரில் ஆறு பேருக்கு இப்படி நோட்டில் கிடைத்தது. ஒருவருக்கு மட்டும் இல்லை. அவர் சொன்ன மாதத்தையே போட்டுவிட்டேன்.

இன்று 34 கடிதத்தில் 31 கொடுத்தாயிற்று. ஒடிசாப் பையன்களுக்கு அவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவன் வரி வரியாகப் படித்துச் சொன்னான். ஊருக்குப் போய்வரப் பயணப்படி உண்டு என்பதை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள். மூன்று தையல்காரர்கள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். வேலையை விட்டு நிறுத்துவதற்கான காகிதம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடி பேச வேண்டும்.

ஒன்றரை ஷிப்ட் விஷயத்தில் கம்பெனியிடம் பீஸுக்குக் கூலி ஏற்றிக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். இந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். அதனால் எட்டு மணி நேரத்தோடு நிறுத்துகிறேன் என்று சொன்னேன். உடனே இரண்டு பேர், "அடுத்த தெருவில் ஒன்றரை போடுகிறார்கள் அண்ணா, நாங்கள் அங்கே போகிறோம்" என்றார்கள். 300 ரூபாய் அவர்களுக்குப் பெரிது, நான் என்ன சொல்ல? போகிறவர்களுக்குச் செவ்வாய்க்கிழமைக்குள் கணக்குத் தீர்த்துவிடுவேன், பேரேடு ஐயா.

கைமடி அம்மா கடிதத்தை நான்காக மடித்துவிட்டு, "இதை ரேஷன் கார்டோடு வைக்கலாமா?" என்று கேட்டார். வைக்கச் சொன்னேன்.

பேரேடு_கோவை
6 டிசம்பர், இரவு 10.55

மடிக்காமல் கொடுக்க ஒரு பிளாஸ்டிக் உறை வாங்குங்கள் ஐயா, பத்து ரூபாய்க்குள் கிடைக்கும். அந்த ஏழு நோட்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.